தோற்ற கவுன்சிலர் வந்த பிறந்தநாள்

எங்கள் வார்டு கவுன்சிலர் தோற்ற அன்று நான் கேசரி கிளறினேன். கேசரி வேண்டுமென்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. வாக்கு எண்ணிக்கை நாள் என்பதால் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கு விடுமுறை. காலைப் பலகாரம் முடிந்ததும் என் கணவர் போனை நோண்டியபடி, "ஆளு பின்னாடி போயிக்கினு இருக்காரு. இந்தத் தடவ தேற மாட்டாரு" என்றார். அவ்வளவுதான். நான் எழுந்துபோய் ரவையை வறுக்கத் தொடங்கிவிட்டேன்.

அந்த மனிதரை எனக்கு அந்த அளவுக்குப் பிடிக்காது. கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில், இந்தத் தெருவுக்கு மருமகளாக வந்த நாளிலேயே அது ஆரம்பித்தது. எங்கள் திருமண ஆல்பத்தைத் திறந்தால் முதல் படத்தில் நான் ஒரு ஓரம், என் கணவர் ஒரு ஓரம், நடுவில் அவர். வெள்ளைச் சட்டையும் பெரிய மாலையுமாக மாப்பிள்ளையே அவர்தான் என்பது போல இருப்பார். அவருக்குப் பந்தல், நாற்காலி, பாத்திரம் வாடகைக்கு விடும் கடை உண்டு. அதனால் வார்டில் எந்த வீட்டில் என்ன விசேஷம் என்பது அவருக்குத் தெரியாமல் போகாது. அழைப்பெல்லாம் அவருக்குத் தேவையில்லை. நாற்காலி வந்து இறங்கினால் பின்னாலேயே அவரும் இறங்குவார், ஒரு சால்வை, ஒரு எவர்சில்வர் தூக்கு, ஒரு போட்டோகிராபர் சகிதம். என் வளைகாப்பில் மைக்கைப் பிடித்து, தான் போட்டுக்கொடுத்த தெருவிளக்குகளைப் பற்றி வெகுநேரம் பேசினார். அன்று அந்தத் தெருவிளக்கு எரியவில்லை. எதிர்வீட்டு டியூப்லைட் வெளிச்சத்தில் நின்றுகொண்டுதான் பேசினார்.

தெருமுனையில் சாக்கடை அடைத்து நின்றது வேறு. என் மாமனாரும் அவரும் பள்ளியில் ஒரே பெஞ்சுக்காரர்கள். மாமா ஒவ்வொரு முறை போய்ச் சொல்லும்போதும், "பாத்துக்கலாம் மச்சான்" என்பார். மழைக்காலத்தில் மாமா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பால் வாங்கப் போவார். வந்து காலைக் கழுவிக்கொண்டே, "பாத்துக்கினே இருக்கான் மச்சான்" என்பார்.

ஆகவே கேசரி. முந்திரியை நெய்யில் போட்டு அது பொன்னிறமாக வரும் நேரத்தில் கூடத்திலிருந்து கணவர் குரல் கொடுத்தார்.

"முடிஞ்சிடுச்சு. ஒழுங்குக்காரங்க ஜெயிச்சிட்டாங்க."

நான் கரண்டியோடு வெளியே வந்தேன். "யாரு? ஹெச்.எம். அம்மா இல்லியா?"

சுயேச்சையாக நின்ற ஓய்வுபெற்ற தலைமையாசிரியைதான் முன்னால் போகிறார் என்று நானாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். என் கணவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அவுங்க எங்க? மூணாவது."

முந்திரி கருகிவிட்டது.

ஒழுங்குக்காரர்கள் என்பது தெருக்காரர்கள் வைத்த பெயர். மடிப்புக் கலையாத சட்டை போட்டவர்கள். குடிக்க மாட்டார்கள், லஞ்சத்துக்குக் கைநீட்ட மாட்டார்கள், நேரத்துக்கு வருவார்கள். கூடவே ஒன்று சொல்வார்கள்: இந்த ஊர் இந்த ஊர்க்காரர்களுக்கே. சிப்காட் தொழிற்சாலைகளில் வேலை செய்ய வடக்கிலிருந்து வந்தவர்களால்தான் வாடகை ஏறிவிட்டது, தெரு கெட்டுவிட்டது, அவர்களுக்கு யாரும் வீடு கொடுக்கக் கூடாது என்று பிரச்சார ஆட்டோவில் சொல்லிக்கொண்டு போனார்கள். ஆட்டோவில் சொல்வதையெல்லாம் யார் மனதில் வைத்துக்கொள்கிறார்கள் என்று நான் இருந்துவிட்டேன்.

எனக்கு அந்த வார்டில் ஓட்டே கிடையாது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். என் ஓட்டு இன்னும் சிதம்பரத்தில் அம்மா வீட்டு முகவரியிலேயே இருக்கிறது. மாமா ஒழுங்குக்காரர்களுக்குத்தான் போட்டார், சாக்கடைக்காக. கணவர் யாருக்குப் போட்டார் என்று கேட்டால் சிரிப்பார். நான் இங்கே இருந்திருந்தால் எதை அழுத்தியிருப்பேன் என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். பழைய கவுன்சிலர் தோற்க வேண்டுமென்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது. யார் ஜெயிக்க வேண்டும் என்பதைத்தான் சரியாக யோசிக்கவே இல்லை.

மாமா மட்டும் கேசரியை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். "முந்திரி கொஞ்சம் தீஞ்ச மாதிரி இருக்கும்மா. ஆனா நல்லாருக்கு" என்றார். வெளியே வெடிச் சத்தம் கேட்டது. என் மகள் தத்தித் தத்தி வந்து என் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

எங்கள் வீட்டின் பின்கட்டில் ஒரே ஒரு அறை, கல்நார் கூரை போட்டது. அதில் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு குடும்பம் வாடகைக்கு இருந்தது. புருஷன் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் லோடிங் வேலை பார்க்கிறார். மனைவி என்னைவிடச் சின்னவள். கைக்குழந்தை ஒரு பையன். நான் பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பத் தவித்த நாட்களில், "அக்கா, பாப்பாவ நான் பாக்கறேன். என் புள்ளயும் அங்கதானே இருக்கு" என்று அவள்தான் முன்வந்தாள். அன்றிலிருந்து காலையில் மகளைப் பின்கட்டில் விட்டுவிட்டு நான் ரயிலைப் பிடித்துச் சிதம்பரம் போகிறேன். அங்கே ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். குமராட்சிப் பக்கமிருந்து மினிபஸ்ஸில் வரும் பிள்ளைகளுக்குப் பின்னங்களைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கும்போது, என் பிள்ளை சாப்பிட்டிருப்பாளா என்று நான் நினைப்பதே இல்லை. எதையும் ஒன்றுக்கு இரண்டாக நினைத்துப் புழுங்குகிற எனக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குப் புரியும்.

புதிய கவுன்சிலர் வந்து சில வாரங்களிலேயே தெருவிளக்கு எரிந்தது. அடுத்து, ஒருநாள் விடிந்ததும் வண்டி வந்து சாக்கடை அடைப்பை உறிஞ்சி எடுத்தது. மாமா அதை ஒரு திருவிழா போல நின்று பார்த்தார். குப்பை வண்டி சொன்ன நேரத்துக்கு வந்தது. நான் ரயிலிலிருந்து இறங்கி இருட்டில் தட்டுத்தடுமாறி வந்த தெரு இப்போது பளிச்சென்று இருந்தது. அந்த வெளிச்சத்தில் நடந்துவரும்போது சந்தோஷமாகவும் இருக்கும், இப்படிச் சந்தோஷப்படலாமா என்றும் இருக்கும். ஒழுங்குக்காரர்கள் மோசமானவர்களாகவே இருந்து தொலைத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை புதிய கவுன்சிலர் எங்கள் வீட்டுக்கே வந்தார். கூட இரண்டு பேர். சின்ன வயசுதான், என் கணவர் வயசு இருக்கும். வாசலிலேயே செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். மாமாவுக்கு வாயெல்லாம் பல்.

"உள்ள வாப்பா, உள்ள வா. சாக்கடை இப்ப சூப்பரா போவுது."

"அது எங்க கடமைங்கய்யா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். நான் காபி கொண்டுவந்து வைத்தேன். சர்க்கரை வேண்டாம் என்றார். பிறகு மெதுவாக, "ஐயா, பின்னாடி ரூம்ல வெளி ஸ்டேட் ஃபேமிலி இருக்குதுன்னு சொன்னாங்க. நாங்க எல்லாருகிட்டயும் சொல்லிக்கினு வரோம். உங்கள மாதிரி பெரியவங்க மொதல்ல செஞ்சா மத்தவங்களும் செய்வாங்க. இந்த மாசக் கடைசி வரைக்கும் டைம் எடுத்துக்குங்க" என்றார்.

மாமாவின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. அதை மடக்கி உள்ளே வைக்க அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. "அவுங்களா... தொந்தரவு ஒண்ணும் இல்லியேப்பா. வாடகை கரெக்டா குடுக்கறாங்க."

"தனிப்பட்ட முறையில நாங்க யாரையும் தப்பாச் சொல்லலீங்கய்யா."

அந்த நேரம் பார்த்து என் மகள் கூடத்துக்கு வந்தாள். பின்கட்டில் வளர்கிற பிள்ளை. என் முந்தானையை இழுத்து, "பானி, பானி" என்றாள். அவளைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடினேன். தண்ணீரைக் கொடுத்துவிட்டு, ஏன் ஓடினேன் என்று என்மேலேயே எரிச்சலாக வந்தது. குழந்தை தண்ணீர்தானே கேட்டது?

திரும்பி வந்தபோது அவர்கள் விடைபெற்றுக்கொண்டிருந்தார்கள். மாமா, "சரிப்பா, சொல்லிடறேன்" என்று வாசல்வரை போனார். அன்று முழுக்க அவர் சாக்கடையைப் பார்க்கப் போகவில்லை.

இரவுச் சாப்பாட்டின்போது கணவரிடம், "நீங்களாவது மாமாகிட்ட சொல்லக் கூடாதா?" என்றேன்.

"அவரு வாக்குக் குடுத்துட்டாரு. இப்ப நான் போயி என்னா சொல்ல?"

"அவுங்க எங்க போவாங்க?"

"சிப்காட் பக்கம் கம்பெனிக்காரங்க லைன் ரூம் கட்டி வுட்ருக்காங்க. ஒரு ரூம்ல ரெண்டு ஃபேமிலி." சொல்லிவிட்டு அவரும் தட்டைப் பார்த்தார். காற்றுத் திரும்பினால் எங்கள் தெருவுக்கே சிப்காட்டின் ரசாயன வாடை வரும். அங்கேயே இருப்பவர்களுக்கு எப்படி இருக்கும்?

மறுநாள் பள்ளி முடிந்ததும் ரயிலுக்கு நேரமிருந்ததால் சிதம்பரத்தில் அம்மா வீட்டுக்குப் போனேன். அம்மா ஒரு தையல் யூனிட்டில் வேலை பார்க்கிறாள். அன்று அவளுக்கு அரை நாள். என் முகத்தைப் பார்த்ததும், "அந்தாளு தோக்கணும்னு வேண்டிக்கினு இருந்த, தோத்துட்டான். அப்புறம் என்னாடி மூஞ்சி?" என்றாள்.

சொன்னேன். கேட்டுவிட்டு அம்மா, "பாப்பாவ இங்க கொணாந்து வுடு. நான் வேலையில இருந்து நின்னுடறேன்" என்றாள். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. மிஷின் மிதித்து மிதித்துத்தான் அம்மா என்னைப் படிக்கவைத்தாள். இப்போது நான் வேலைக்குப் போவதற்காக அவள் வேலையை விடுவதா?

"வேணாம்மா."

"அப்ப நீ நின்னுடுவியா?"

அம்மா எனக்கு மோர் கலக்கிக்கொண்டே, "ஒண்ணு சொல்றேன். அந்தப் பழைய ஆளு திருட்டு முழி முழிச்சாலும், யாரையும் போன்னு சொல்ல மாட்டான். அவனுக்கு எல்லாரும் வேணும். எல்லா வூட்டுலயும் நாற்காலி போடணுமில்ல" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது அதுதான் முதல் முறை.

பின்கட்டில் விஷயத்தைச் சொல்ல மாமாவுக்கு மனசில்லை. என் கணவர்தான் போய்ச் சொன்னார். நான் கதவோரம் நின்றேன். அவள் புருஷன் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அவள் பையனை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். அப்புறம் என்னைப் பார்த்து, "அக்கா, பையனுக்கு மொத பர்த்டே வருது. அது முடிச்சிட்டு போலாமா? அங்க இடம் இல்ல" என்றாள்.

மாதக் கடைசிக்கு ஒரு வாரம் முந்தி வருகிறது பிறந்தநாள். "தாராளமா" என்றேன். சொல்லிவிட்டால் செய்ய வேண்டுமே. கேக் நான் வாங்கித் தருகிறேன், பின்வாசல் சந்தில் கொஞ்சம் நாற்காலி போட்டு அவர்களுடைய ஆட்களையும் தெருவில் வேண்டியவர்களையும் உட்காரவைக்கலாம் என்று முடிவு செய்தேன். நாற்காலிக்கு எங்கள் பக்கத்தில் ஒரே கடைதான்.

பழைய கவுன்சிலர் அடுக்கிவைத்த சிவப்பு நாற்காலிகளுக்கு நடுவே, லுங்கி கட்டி, தினசரியை விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை. சாதாரண ஆளாக, கொஞ்சம் குள்ளமாகக்கூடத் தெரிந்தார்.

"வாம்மா டீச்சர். யாருமே வர்றதில்ல. தோத்தவன் நாற்காலியில உக்காந்தா ஒட்டிக்குமோன்னு பயப்படறாங்க போல."

"அப்படியெல்லாம் இல்லீங்க."

"நீ எனக்கு ஓட்டுப் போட்டியா? சும்மா சொல்லு, கோவிச்சிக்க மாட்டேன்."

"எனக்கு இங்க ஓட்டு இல்லீங்க. சிதம்பரத்துல இருக்கு."

அவர் பேப்பரை மடித்து வைத்தார். "இதப் பாரு, அஞ்சாவது ஆளு நீ. இந்த வார்டுல எவனுக்குமே ஓட்டு இல்ல. ஒருத்தனுக்குச் சிதம்பரத்துல இருக்குது, ஒருத்தனுக்கு மங்கலம்பேட்டையில இருக்குது, ஒருத்தன் அன்னிக்குப் பாத்து ஜுரத்துல படுத்திருந்தான். அப்ப எவன்மா என்னத் தோக்கடிச்சது?"

நான் சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தேன். அவரே சிரித்துவிட்டார். பிறகு தொழில்காரராக மாறி, "எத்தன சேரு? யாரு வூட்டு விசேஷம்?" என்று கேட்டார்.

இங்கே நான் செய்தது சரியா என்றுதான் எனக்கு இன்னும் நிச்சயமில்லை. எங்கள் வீட்டு விசேஷம் என்று சொல்லியிருக்கலாம். யார் வீடு என்று சொன்னால் மனிதர் சும்மா இருக்க மாட்டார் என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் முழுவதையும் சொன்னேன். பிறந்தநாள் யாருக்கு, அதற்கப்புறம் அவர்கள் எங்கே போகிறார்கள், யார் போகச் சொன்னது எல்லாவற்றையும். அவர் காதைக் குடைந்துகொண்டே கேட்டார். "பாத்துக்கலாம்மா" என்றார். சாக்கடைக்காக மாமாவிடம் சொன்ன அதே வார்த்தை. இருந்தாலும் முன்பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பிறந்தநாளன்று சாயங்காலம் நான் ரயிலிலிருந்து இறங்கி வருகிறேன், எங்கள் தெருவில் சீரியல் லைட் மின்னுகிறது. பின்வாசல் சந்தில் நான் கேட்ட நாற்காலிகள் இல்லை. வீட்டு முன்னால் தெருவிலேயே பந்தல் போட்டு, பலூன் வளைவு கட்டி, மேடை மாதிரி ஒரு பலகை, அதன்மேல் சிம்மாசன நாற்காலி. கல்யாண ரிசப்ஷனுக்குப் போடுவார்களே, தங்க நிறக் கைப்பிடி வைத்தது, அது. அதில் பின்கட்டுப் பையன் புதுச் சட்டையில் உட்கார்ந்து கைப்பிடியைக் கடித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் அவர். கையில் மைக்.

மாமா வாசற்படியில் நின்று கத்திக்கொண்டிருந்தார். "யோவ் மச்சான், யாருய்யா உன்னக் கூப்ட்டது?"

"கொழந்த பர்த்டேக்கு என்னா மச்சான் கூப்புடறது? நீ வா, மேல வந்து உக்காரு."

"நான் எதுக்குய்யா வரணும்?"

"வூட்டு ஓனர் இல்லாம கேக்கு வெட்டலாமா?" என்று மைக்கிலேயே சொன்னார். தெரு முழுக்கக் கேட்டது. ஜன்னல்கள் திறந்தன. கொஞ்சம் கொஞ்சமாக ஆட்கள் வந்து நாற்காலிகளில் உட்கார ஆரம்பித்தார்கள். இலவசமாக நாற்காலியும் விளக்கும் பாட்டும் இருந்தால் எங்கள் தெருவில் யாரும் வீட்டுக்குள் இருக்க மாட்டார்கள். பின்கட்டுக்காரர்களின் சொந்தக்காரர்கள் ஒரு ஓரமாகக் கூச்சத்தோடு நின்றார்கள். அவர்களையும் பழையவர் பிடித்து முன்வரிசையில் உட்காரவைத்தார். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, இது ரொம்ப ஜாஸ்தி அக்கா" என்றாள். பயமா சந்தோஷமா என்று அவள் முகத்திலிருந்து சொல்ல முடியவில்லை. எனக்குப் பயம்தான். மாதக் கடைசிவரை இருக்கட்டும் என்று விட்டவர்களை, இந்த ஆர்ப்பாட்டத்தால் நாளைக்கே போகச் சொல்லிவிட்டால்? சும்மா வீட்டு விசேஷம் என்று சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா நான்?

பயந்தது போலவே ஆயிற்று. அனுமதி இல்லாமல் மைக் வைக்கக் கூடாது என்பது புதியவர் வந்ததும் போட்ட முதல் விதிகளில் ஒன்று. தெருமுனையில் பைக்குகள் வந்து நின்றன. புதிய கவுன்சிலரும் அந்த இரண்டு பேரும் இறங்கி நேராகப் பந்தலை நோக்கி நடந்தார்கள். முகம் இறுகியிருந்தது. என் மகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

பழையவர் அவர்களைப் பார்த்தார். மைக்கை வாயருகே கொண்டுபோனார்.

"அன்பான பொதுமக்களே! நம்ம வார்டுக் கொழந்தையோட மொத பொறந்தநாளுக்கு, எவ்ளோ வேலை இருந்தும் நேரம் ஒதுக்கி, கொழந்தைய வாழ்த்த வந்திருக்காரு நம்ம புதிய கவுன்சிலர் தம்பி! எல்லாரும் எழுந்து நின்னு ஜோரா கைதட்டுங்க!"

தெரு எழுந்து நின்று கைதட்டியது. என் மாமனார்தான் முதலில் தட்டினார். புதியவர் நடுத்தெருவில் அப்படியே நின்றுவிட்டார். அவருடைய ஆட்கள் அவரைப் பார்த்தார்கள். திரும்பிப் போகவும் முடியாது, இந்தக் கைதட்டலுக்கு நடுவில் நிறுத்து என்று சொல்லவும் முடியாது. பழையவரே இறங்கி வந்து, கையைப் பிடித்து மேடைக்கு ஏற்றி, தோளில் ஒரு சால்வையைப் போட்டார். போட்டோகிராபர் தயாராக நின்றிருந்தார். யாரும் சொல்லாமலேயே பின்கட்டுக்காரி பையனைத் தூக்கிக்கொண்டுபோய் புதியவர் கையில் கொடுத்துவிட்டாள்.

அவர் குழந்தையைச் சரியாக வாங்கினார். அதை நான் கவனித்தேன். வீட்டில் சின்னக் குழந்தை இருப்பவர்கள்தான் அப்படி இடுப்பில் சாய்த்து வாங்குவார்கள். பையன் அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவைப் பிடுங்கி வாயில் வைத்தான். அவர், "ஏய் ஏய், மை இருக்குடா" என்று பதறி அதை மெல்லப் பிடுங்கினார். முன்வரிசையில் எல்லோரும் சிரித்தார்கள். கேக் வெட்டியதும் ஒரு துண்டை அவர் வாயில் திணித்தது என் மாமனார். சர்க்கரை வேண்டாம் என்று அவரால் அப்போது சொல்ல முடியவில்லை.

இறங்கும்போது அவர் பழையவரிடம் தாழ்ந்த குரலில், "அண்ணே, மைக்க மட்டும் நிறுத்திடுங்க" என்றார்.

"நிறுத்திட்டேன் தம்பி. இனிமே அதுக்கு வேலையில்ல" என்றார் பழையவர்.

மறுநாள் காலை நாற்காலிகளை ஏற்ற அவரே வண்டி ஓட்டிக்கொண்டு வந்தார். நான் ரயிலுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். "நன்றிங்க" என்றேன். எப்படிச் சொன்னாலும் போதாது போலிருந்தது.

"அடுத்த தடவ நிக்கலாமான்னு பாக்கறேன்" என்றார்.

"நில்லுங்க" என்று சொல்லிவிட்டேன். ரயில் சிதம்பரம் போய்ச் சேரும்வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் வந்தால் சாக்கடை மறுபடி அடைத்துக்கொள்ளும். என் மகள் வளர்ந்து அவளுக்குக் கல்யாணம் நடந்தால் அந்த ஆல்பத்திலும் முதல் படத்தில் நடுவில் நிற்பார். அவரை எனக்கு இப்போதும் பிடிக்காதுதான். அவர் தோற்றது சரிதான். அவர் தோற்றிருக்க வேண்டாம் என்றும் தோன்றுகிறது. இரண்டையும் ஒரே மனசுக்குள் வைத்துக்கொண்டு எட்டாம் வகுப்புக்குச் சமன்பாடு நடத்தினேன்.

பிறந்தநாளன்று எடுத்த படம் தெரு வாட்ஸப் குழுவில் சுற்றியது, சால்வையும் குழந்தையும் கேக்குமாக. அதைப் பற்றிப் புதியவரின் ஆட்கள் ஒன்றும் சொல்லவில்லை. நாட்கள் போயின. மாதக் கடைசியும் வந்தது. பின்தெருவில் இருந்த இரண்டு வடக்கத்திக் குடும்பங்கள் லோடு ஆட்டோவில் சாமான் ஏற்றிக்கொண்டு போய்விட்டன. அவர்களுக்கு யாரும் பந்தல் போடவில்லை. அந்த ஆட்டோ எங்கள் வாசலைக் கடந்து போனபோது ஒரு சின்னப் பெண் மடக்கிய பாயின்மேல் உட்கார்ந்து என்னைப் பார்த்துக் கையாட்டினாள். நானும் ஆட்டினேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை புதியவர் வந்தார். இம்முறை தனியாக. செருப்பை ஓரமாகக் கழற்றிவைத்தார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் மாமா ஆரம்பித்துவிட்டார்.

"தம்பி, நான் உனக்குத்தான் ஓட்டுப் போட்டேன். திரும்ப எலக்ஷன் வந்தாலும் உனக்குத்தான் போடுவேன். ஆனா அந்தப் புள்ளய நீயே தூக்கி வச்சிக்கினு நின்ன. தெருவே பாத்துச்சு. இப்ப நான் போயி அவுங்கள எப்படிப்பா போவச் சொல்றது? என் வாயால வராது."

அவர் காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் சமையலறை வாசலில் நின்றேன். பிறகு, "சரிங்கய்யா" என்றார். "இவுங்க இருக்கட்டும். ரெண்டு பேரோட ஆதார் ஜெராக்ஸ் மட்டும் போலீஸ் ஸ்டேஷன்ல குடுத்து வச்சிடுங்க." எழுந்து செருப்பைப் போடும்போது, "இவுங்க மட்டும்தான்" என்று இன்னொரு முறை சொன்னார். எங்களுக்காகச் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை.

நான் பின்கட்டுக்கு ஓடினேன். அவள் பாத்திரங்களையெல்லாம் அரிசிச் சாக்கில் கட்டி வைத்திருந்தாள். என் மகள் அந்த மூட்டைமேல் குதிரை ஏறியிருந்தாள்.

"போவ வேணாம். இங்கியே இருங்க."

அவள் என்னைச் சற்று நேரம் பார்த்தாள். சரியாகக் கேட்டதா என்று புருஷனைப் பார்த்தாள். அப்புறம் என் மகளைத் தூக்கி இறக்கிவிட்டு, சாக்கின் வாயை அவிழ்த்து, முதலில் குக்கரை வெளியே எடுத்தாள்.

"அப்ப நாளைக்குப் பாப்பாவுக்குக் கிச்சடி வைக்கவா அக்கா?"

இரண்டு ஆதார் அட்டைகளையும் வாங்கிக்கொண்டு நானே ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். எத்தனை காப்பி என்று கடைக்காரர் கேட்டார். ஒன்று போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஸ்டேஷனில் ஒன்று தொலைந்தால்? நாளைக்கு வேறு யாராவது வந்து கேட்டால்? அவர்களுக்கும் ஒன்று வேண்டாமா?

"அஞ்சஞ்சு எடுத்துடுங்கண்ணே" என்றேன். "இல்ல, இருங்க. கலர்லயும் ஒண்ணு எடுத்துடுங்க."